யெல்கா இடம் மாற்றிய மூன்று சிப்பிகள்

யெல்காவுக்கு வேலை கடலுக்கு அடியில். எங்கள் தீவின் துறைமுகத்தில் படகுகளின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வாள். நங்கூரம் பாறையில் சிக்கினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். குடாவின் மணலில் முனையைப் புதைத்துக்கொண்டு முழங்கை உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பெரிஸ்காச் சிப்பிகளை அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். கையின் நிழல் விழுந்தாலே வாயை மூடிக்கொள்பவை அவை.

அந்த வசந்தத்தில் தொட்டும் மூடவில்லை. ஜூன் முடிவதற்குள் இருநூற்றுச் சொச்சத்தில் மூன்றுதான் மிஞ்சின. பாதுகாக்கப்பட்ட உயிர், யாரும் தொடக் கூடாது, ஆய்வுக் குழு வரும்வரை பொறுங்கள் என்று கடல்வளப் பாதுகாப்பு அலுவலகத்தில் சொன்னார்கள். மூன்று வாரம் பொறுத்தாள். குழு வரவில்லை. ஒரு காலையில் மூன்றையும் மணலோடு தோண்டி, மீன் பெட்டியில் ஈரச் சாக்கு போர்த்தி, தீவின் முனையைத் தாண்டி அவள் அண்ணன் ஸ்வானேயின் குடாவுக்குக் கொண்டுபோய் நட்டுவிட்டாள்.

ஸ்வானே கயிறுகளில் கருஞ்சிப்பி வளர்ப்பவர். அவர் குடாவில் நாற்பத்தொரு பெரிஸ்கா நன்றாக இருந்தன. அங்கே எந்தப் படகையும் நங்கூரம் போட விடமாட்டார். சாயங்காலம் யெல்கா விஷயத்தைச் சொன்னபோது சிரித்தார். "விருந்தாளி மூணு பேரா? இருக்கட்டும். எங்க தண்ணியில சோத்துக்கா பஞ்சம்?"

ஆகஸ்டில் அங்கேயும் சாக ஆரம்பித்தன.

ஸ்பிளிட் நகரத்திலிருந்து மிலாதெனா என்ற ஆய்வாளப் பெண் வந்து, சிப்பிகளின் உடலிலிருந்து ஊசியால் நீர் எடுத்துப் போனாள். செப்டம்பரில் முடிவு வந்தது. எல்லாவற்றிலும் ஒரு வைரஸ். சிப்பியின் எதிர்ப்புச் சக்தியை அது அரித்துவிடுகிறது. பிறகு எந்தக் கிருமி வந்தாலும் தாங்காது. பார்வைக்கு நன்றாக இருப்பதிலும் இருக்குமாம்.

"நான் கொண்டுவந்த மூணுலயும் இருந்துச்சா?" என்று யெல்கா கேட்டாள்.

"இருந்துச்சுக்கா. ஆனா இங்க முன்னாடியே வந்திருக்கலாம், தண்ணி வழியாவே பரவும். நீங்க கொண்டுவர்றதுக்கு முன்னாடி இங்க எடுத்த சாம்பிள் எதுவும் எங்ககிட்ட இல்ல. யாராலயும் சொல்ல முடியாது."

அதைத்தான் யெல்காவால் தாங்க முடியவில்லை. தன் குற்றம்தான் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால்கூடத் தூங்கியிருப்பாள் என்று என் மனைவியிடம் சொன்னாளாம்.

கருஞ்சிப்பிக் கயிறுகள் கட்டிய மிதவைக்குப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கயிறு முறுக்குவதை நிறுத்தவில்லை. முடித்த பிறகுதான் பேசினார்.

"முன்னாடியே கேட்டிருந்தாலும் கொண்டான்னுதான் சொல்லியிருப்பேன். அதனால உனக்கு மனசு ஆறிடும்னு சொல்லல. எனக்கும் ஆறல."

மறுநாள் அவளே அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். அபராதம் போட்டார்கள்; கட்டினாள். சிப்பிகளை யாரும் இடம் மாற்றக் கூடாது என்று கப்பல் துறையில் எச்சரிக்கைப் பலகை வைக்கப் போவதாகச் சொன்னபோது, தன் பெயரையும் போடச் சொன்னாள். காப்பிக் கடையில் இரண்டு மாதம் அவளைச் சிப்பி டாக்டர் என்று கூப்பிட்டார்கள்.

குளிர்காலத்தில் ஸ்வானேயின் குடாவில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதைச் சுற்றி வலைக்கூண்டு கட்டியிருக்கிறார்கள்.

போன மாதம் பக்கத்துத் தீவு மீனவர் ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு அவளுக்குப் போன் செய்தார். அவர் பக்கம் ஐந்து உயிரோடு இருக்கின்றனவாம், வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே விடுங்கள் என்றாள். அவர் விட்டுவிட்டார்.

அந்த ஐந்தும் செத்துப்போயின. அதையும் அவர் போன் செய்துதான் சொன்னார்.