நுரைக்காரர் வீட்டுச் சமையலறைக் குழாய்

அந்தப் புறநகரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நுரைக்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழிகாட்டும். கடினத் தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் மாட்டுவது அவர் தொழில். மாட்டி முடித்ததும் ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, சோப்புத் துருவல் போட்டு நாலு குலுக்கு குலுக்குவார். நுரை கழுத்துவரை ஏறியதும், "பாத்தீங்களா? இனிமே பாத்திரத்துல வெள்ளை படியாது, தலைமுடி கொட்டாது" என்பார். முடி விஷயம் அவரே சேர்த்துக்கொண்டது. அவர் தலையைப் பார்த்தவர்கள் அதை நம்பியதில்லை.

அங்கே நிலத்தடித் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்து விட்ட மாதிரி வரும். கெட்டிலுக்குள் ஓடு கட்டும், ஷவரில் பாதி ஓட்டை அடைந்துபோகும். மெஷின் அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதம் ஒரு மூட்டை உப்பு போட்டால் போதும். அவர் வேலைக்குச் சேர்ந்த கடையில் ஒரே ஒரு கண்டிப்பு இருந்தது. சமையலறைக் குழாயை மட்டும் மெஷினில் சேர்க்கக் கூடாது, அதற்குப் பழைய தண்ணீரே போகட்டும் என்று. ஏன் என்று மனுஷன் ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. உப்பு மிச்சம் பிடிக்கத்தான் என்று தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து, இருபது வருஷம் அதையே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன வருஷம் சொந்த வீட்டுக்கு ஒன்று மாட்டினார். கெட்டிலைச் சுரண்டிச் சுரண்டியே மனைவிக்கு நகம் தேய்ந்திருந்தது. கட்டினவளிடம் போய் உப்புக்குக் கஞ்சத்தனம் பார்ப்பதா என்று சமையலறைக் குழாயையும் சேர்த்தே இணைத்துவிட்டார். அவள் கழுவின கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளுக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் உண்டு. மாத்திரைக்கு அடங்கிக் கிடந்தது, அதற்கப்புறம் ஏற ஆரம்பித்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், குறைத்தாள். அறவே விடச் சொன்னார், விட்டாள். இறங்கினபாடில்லை. ஒருநாள் இடது கண் மங்கியது. கண்ணுக்குள் ரத்தக்குழாய் கசிகிறது, இப்படியே போனால் அடுத்து மூளையோ சிறுநீரகமோ என்றார் டாக்டர். இவரைத் தனியே கூப்பிட்டு, "உங்களுக்குத் தெரியாம உப்பு சேத்துக்கறாங்க போல. கவனிங்க" என்றார்.

கவனிக்காமல் இருப்பாரா நம்ம ஆள்? உப்பு டப்பாவைத் தன் ஸ்பானர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"உப்பத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். உண்மையச் சொல்லு, எங்க ஒளிச்சு வெச்சுத் திங்கற?"

"சத்தியமா இல்லைங்க."

"அப்ப காத்துலயா வருது?"



ரெண்டு மாதம் கழித்து ஒரு முற்பகல், ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவரின் வீட்டில் நுரைக்காரர் மெஷின் மாட்டிக்கொண்டிருந்தார்.

"கிச்சன் குழாயத் தனியா விட்டுட்டீங்கல்ல? எங்க வீட்டுக்காரருக்குப் பிரஷர் இருக்கு."

"விட்டாச்சும்மா. உப்பு மிச்சமாகும்ல."

நர்ஸம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மிச்சத்துக்கா விடறீங்க? இந்த மெஷின் சுண்ணாம்ப எடுத்துக்கிட்டு, அதுக்குப் பதிலா உப்புல இருக்கிற சோடியத்தத் தண்ணில விடுது. இந்த ஏரியாத் தண்ணிக்கு அது கொஞ்சநஞ்சமில்ல. உப்பு ஆகாதவங்க அதக் குடிக்கக் கூடாதுன்னுதான் கிச்சன விடறது. இது தெரியாமலா இத்தன வருஷம் மாட்டறீங்க?"

தலையில் இடி விழுந்தது என்று சொன்னால் அது குறைச்சல். ஸ்பானர் கையில்தான் இருந்தது. எதற்காக அதைப் பிடித்திருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. மாதம் தவறாமல் மூட்டையைப் பிரித்துக் கொட்டியது அந்தக் கைதான். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

வீட்டில் அவள் உப்பில்லாமல் காய்கறி வேகவைத்துக்கொண்டிருந்தாள், அந்தக் குழாய்த் தண்ணீரில். பக்கத்தில் குடிப்பதற்கு ஒரு ஜக்கு நிறைய வேறு. அடுப்பை அணைத்தார். பாத்திரத்தையும் ஜக்கையும் தொட்டியில் கவிழ்த்தார். பிறகு அவளை உட்காரவைத்து, திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார்.

"நான்தான். நான்தான் உனக்குத் தினம் தினம் உப்பு ஊத்தியிருக்கேன்."

அவள் தெரிகிற கண்ணால் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் திங்கல" என்றாள்.

"இல்லம்மா."

"நீங்க அடிச்சுச் சொன்னதும் எனக்கே என் மேல நம்பிக்க போயிடுச்சு. எங்கயாவது ஒளிச்சு வெச்சு, தூக்கத்துல எழுந்து திங்கறேனோன்னு. தினமும் நீங்க தூங்கினப்புறம் சமையலறையப் பூட்டி, சாவிய உங்க தலகாணிக்கு அடியில வெச்சுட்டுத்தான் படுத்தேன். நான் எடுக்க வந்தா நீங்க முழிச்சுப் பிடிச்சுருவீங்கன்னு."

ஒரு ராத்திரிகூட அவர் விழித்ததில்லை. ரெண்டு மாதமாக அந்தச் சாவியின் மேல் தலைவைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.