கேபிளைக் கழற்றினால் வரும் செய்தி

கம்ப்யூட்டரில் ஒரு கருவியைச் செருகினால், அதை அடையாளம் கண்டு வேலை வாங்குகிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். நானும் என் சிநேகிதனும் தாம்பரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் அதைத்தான் எழுதினோம். ரேஷன் கடையில் விரலை வைக்கச் சொல்வார்களே, அந்த மாதிரி கைரேகைக் கருவிக்கு. காலையில் நான் ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறுவேன், அவன் வண்டலூரில் ஏறுவான். எனக்கு இடம் கிடைத்திருந்தால் என் மடியில் பையைப் போடுவான்.

டிரைவர் உள்ளே என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் அங்கங்கே ஒரு வரியை அச்சிடச் சொல்வோம், அதுதான் லாக். மற்றவர்கள் ஒழுங்காக எழுதுவார்கள். இவன் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவான். கருவியைச் செருகினால் ‘வந்துட்டேன்’ என்று திரையில் வரும். கழற்றினால் ‘போயிட்டு வரேன்’. இது என்ன சின்னப்பிள்ளைத்தனம் என்று நான் கத்தியதுண்டு.

“இன்னா மச்சான், கெளம்பறப்ப சொல்லிட்டுதானே போவணும்?” என்றான்.

ஒரு மழைநாளில் அவன் ரயிலைத் தவறவிட்டு பைக்கில் வந்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி சறுக்கியது, பின்னால் லாரி. அவ்வளவுதான்.

சில வாரங்களில் கருவியை வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இஷ்டத்துக்குக் கிடந்த லாக் வரிகளை ஒழுங்குபடுத்தும் வேலையை டீம் லீட் என் தலையில் கட்டினார். உண்மையான கோளாறுகள் எப்போதும் பதிவாக வேண்டும். அவற்றை அப்படியே விட்டேன். ரேகையைப் படிக்கிற இடத்தில் வரி அச்சிட்டால் அதனாலேயே வேகம் குறைந்து, தேடுகிற கோளாறு ஒளிந்துகொள்ளும். அங்கே அச்சிடாமல் நினைவகத்தில் சட்டென்று குறித்துவைக்கிற டிரேஸ் வைத்தேன். மிச்சத்தை அழித்துவிடச் சொன்னார். மிச்சம் என்றால் அவனுடைய அந்த இரண்டு வரிகள்தான்.

கை வரவில்லை. இன்னொரு வழி இருந்தது, டைனமிக் டீபக். வரி டிரைவருக்குள்ளேயே கிடக்கும், வாய் திறக்காது. யாராவது கட்டளை கொடுத்துத் தட்டி எழுப்பினால்தான் பேசும். இரண்டையும் அதற்கு மாற்றினேன். இது எதற்கு என்று டீம் லீட் கேட்டார். கேபிள் தளர்ந்தால் கண்டுபிடிக்க உதவும் என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொன்னேன். அவரும் அவனோடு தினமும் டீ குடித்தவர். மேலே ஒன்றும் கேட்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் அவன் மனைவி, அவனுடைய டிபன் பாக்ஸையும் ஸ்வெட்டரையும் வாங்கிப்போக வந்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்குக் காலைல சண்டைண்ணா. அதுலதான் டிரெயின விட்டாரு. போயிட்டு வரேன்னுகூட சொல்லாம வண்டிய எடுத்துட்டாரு.”

ஆறுதல் சொல்வதில் நான் சுத்த மண்டு. கட்டளையைத் தட்டி அந்த வரிகளை எழுப்பினேன். கருவியின் கேபிளை அவளிடம் காட்டி, கழற்றச் சொன்னேன்.

கறுப்புத் திரையில் வரி வந்தது. இது அவர் எழுதினதா என்று கேட்டாள். அவனே எழுதியதுதான், கழற்றும்போதெல்லாம் இதைச் சொல்லும் என்றேன். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னாலும் அடக்க முடியவில்லை.

பிறகு அவளே கேபிளை எடுத்து மறுபடி செருகினாள். ‘வந்துட்டேன்’ என்று வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரமாகிவிட்டதே என்று கருவியை எடுத்துவைக்கக் கை நீட்டினேன். அவள் கேபிளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கழட்டாதீங்கண்ணா. இருக்கட்டும்.”