கமலையடியில் கேட்காத குரல்

எங்கள் கிணறு அகரத்துக்கும் தாடிக்கொம்புக்கும் நடுவில் இருந்தது. கரண்டுக் கம்பம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத வருஷங்கள். கமலைதான். இரண்டு மாட்டைப் பூட்டிச் சரிவில் இறக்கினால் கிணற்றுக்குள்ளிருந்து சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். மாட்டைப் பின்னால் ஏற்றினால் சால் மறுபடி உள்ளே போகும். காலையில் பூட்டினால் வெயில் ஏறும்வரை இதே நடை. அதில் ஒரு மாட்டுக்கு ஒற்றைக் கொம்பு. சந்தையில் பிடிக்கும்போது இரண்டும் இருந்தன. அது வேறு கதை, விடுங்கள்.

ஆம்பிளை மாட்டை ஓட்டுவான், வீட்டுப் பெண் பாத்தியில் மடை மாற்றுவாள். எங்கள் கிணற்றுக்கும் வெங்காயப் பாத்திக்கும் நடுவே ஆளுயரச் சோளம் நிற்கும். இங்கிருந்து பார்த்தால் அங்கே தெரியாது. கடைசிப் பாத்தி நிறைந்ததும் அவள் 'எட்டிருச்சு' என்று குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் மாட்டை நிறுத்துவோம். சுற்றுக் காடுகளில் எல்லாப் பெண்களும் கொடுப்பார்கள். புருஷனோடு சண்டை போட்ட மறுநாள்கூடக் கொடுப்பார்கள், கொஞ்சம் காரமாக.

என் வீட்டுக்காரி கொடுக்கமாட்டாள்.

அவள் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். அங்கே பேச்சில் மரியாதை தானாக வரும். வளையல்காரனுக்கு ஒரு 'ஏனுங்க', ஆடு மேய்க்கிறவனுக்கு ஒரு 'ஏனுங்க'. எனக்குக் கிடையாது. கோபமும் கிடையாது. நேரத்துக்குச் சோறு இருக்கும், வெஞ்சனம் இருக்கும். நான் வீட்டுக்குள் நுழைந்தால் அவள் பேச்சு நின்றுபோகும் என்றால்கூடத் தேவலை. நிற்காது. யாருமே வராத மாதிரி அடுத்த வீட்டுக்காரியிடம் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

என்ன குறை என்று கேட்டுப் பார்த்தேன், அடுப்பை ஊதினாள். கொடைரோட்டில் பேரிக்காய் வாங்கி வந்தேன், தெருப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தாள். மீசையை எடுத்துப் பார்த்தேன். வளர்த்த நாய் அடையாளம் தெரியாமல் குரைத்தது. அவள் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுப் போனாள்.

குரல் கொடுக்கும் வேலையைப் பக்கத்துக் காட்டு மதினி தலையில் கட்டிவிட்டாள். மதினி எனக்குப் பெரியப்பா மகன் பெண்சாதி, வாய்க்காரி.

“ஏ கொழுந்தா! எட்டிருச்சாம்! நிறுத்துவியாம்!” என்று எனக்குக் கத்திவிட்டு, அவள் பக்கம் திரும்புவாள். “ஏன்டி, தாலி கட்டிக்கிட்டது நீ, தொண்ட கிழியிறது நானா?”

“நீங்களே சொல்லிருங்க அக்கா. உங்களுக்குத்தான் சத்தம் பெருசுங்க.”

காடே சிரிக்கும். டீக்கடையிலும் விடமாட்டார்கள். “ஏலே, சோறு போட ஒருத்தி, சத்தம் போட ஒருத்தி. குடுத்து வச்சவன்டா!” நானும் கூடவே சிரிப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அவள் வாயிலிருந்து 'எட்டிருச்சு' என்ற அந்த ஒரு சொல். அவ்வளவுதான்.

வெங்காயம் பிடுங்குவதற்கு முன்னால், மண் இளகட்டும் என்று லேசாக ஒரு தண்ணீர் விடுவோம். அதற்கு மேல் நின்றால் காய் அழுகும். அப்படித் தண்ணீர் விட வேண்டிய காலையில் மதினி தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டாள். சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. இன்றைக்கு அவளே கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி மாட்டைப் பூட்டினேன்.

பாத்தி நிறைந்திருக்கும் என்று தெரிகிற நேரம் வந்தது. குரல் வரவில்லை. சோளத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கலாம். பார்த்தால் அவள் கூப்பிட வேண்டியதில்லையே. ஓட்டினேன். மாடுகளுக்கு நுரை தள்ளியது. கடைசியில் சால் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தது.

சோளத்துக்குள் புகுந்து போனேன். பாத்தி, வரப்பு எல்லாம் ஒரே தண்ணீர். அவள் வரப்பு மேட்டில் உட்கார்ந்து, காலை நனைத்துக்கொண்டு, கொலுசைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஒரு சத்தம் குடுத்தா வாயா தேஞ்சிரும்?” என்றேன்.

கொலுசைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தாள்.

சாயந்திரம் மதினி வந்து பார்த்துவிட்டு வாயில் அடித்துக்கொண்டாள். “அம்புட்டும் அழுகப்போகுதே! நீ அங்கனதானடி இருந்த?”

நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கிறது என்று என் வீட்டுக்காரிக்குத் தெரியும்.

“நான் கூப்பிடோணும்னு எறைச்சாருங்க அக்கா. அவரு ஆசைக்கு நான் எதுக்குங்க குறுக்க போகோணும்?”

அதுவரைக்கும் அவளுக்கு நான் கண்ணில் படவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பேரிக்காய், மீசை, எல்லாம் பட்டிருக்கிறது. தவிட்டுக்குள் கையை வைத்தபடி நின்றேன். ஒற்றைக் கொம்பன் என் கையை நக்கியது.

அடுத்த வெள்ளாமைக்கு அந்த இடத்தில் சோளம் போடவில்லை. மாட்டுக்குப் போடச் சோளத்தட்டைக்கு என்ன செய்வாய் என்று ஊரே கேட்டது. விலைக்கு வாங்கினேன். கமலையிலிருந்து பார்த்தால் பாத்தி தெரிந்தது. நிறைந்ததும் நானே நிறுத்திக்கொண்டேன்.

அப்படி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், பாத்தியில் அவள் துள்ளி விழுவதைப் பார்த்தேன். தேள். காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நேராக என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “அக்கா! ஏனுங்க அக்கா!” என்று அடுத்த காட்டைப் பார்த்துக் கத்தினாள்.

நான்தான் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் போட்டேன். மதினியும் ஏறிக்கொண்டாள். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். என் முதுகுக்கும் அவள் தலைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

“கல்லுல ஏத்தாம ஓட்டச் சொல்லுங்க அக்கா. காலு தெறிக்குதுங்க.”

“கொழுந்தா, கல்லுல ஏத்தாம ஓட்டுவியாம்.”

“சரின்னு சொல்லுங்க, மதினி,” என்றேன்.

மதினி என் முதுகை வெறித்தாள். “நீயுமாடா?” பிறகு அவள் பக்கம் குனிந்தாள். “சரியாம்டி.”

“சரிங்க அக்கா,” என்றாள் அவள்.