பாடாலூரில் முடிந்த கன்னியாகுமரி

என் அக்கா புருஷன் குருமூர்த்தி மழையில் ஊறிய சாக்ஸைக் கழற்றி என் வீட்டுக் கொடியில் காயப்போட்டார். என் மனைவி ஜோதி எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால் என்று வீடு முழுக்கத் தேடினாள். கடைசியில் கொடியடிக்கு வந்து நின்றாள். "இதை மனுசன் கால்லயா போட்டுருந்தாரு?" என்று என்னிடம் கேட்டாள். அன்றைக்கு ஆரம்பித்த குமட்டல் எனக்கு இன்னும் தீரவில்லை.

மாமாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உடையார்பாளையம் பக்கத்துக்காரர். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். மாமா மட்டும் இளம் வயதிலேயே அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக நின்றுவிட்டார். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்வதுதான் வேலை. கேட்பதற்குச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் முன்னால் நிற்கும் வண்டியை ஒரு நிமிடம் தாமதித்து எடுத்தால், பின்னால் வரும் வண்டிக்கு வழியெல்லாம் ஆள் கிடைக்காது. அந்த ஒரு நிமிடத்துக்காக டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். மாமா வந்து "டைம் ஆயிடுச்சு, எடு" என்றால் எடுத்துவிடுவார்கள். போட்டிக் கம்பெனிக்காரனும் மறுபேச்சுப் பேசமாட்டான். குருமூர்த்தி பொய் சொல்லமாட்டார் என்பது அந்த பஸ் ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த ஒரு பேரைத் தவிர அவர் சம்பாதித்துச் சேர்த்தது வேறொன்றும் இல்லை.

ஊரையெல்லாம் பஸ் ஏற்றி அனுப்பிய மனிதர் தான் எங்கேயும் போனதில்லை. பண்டிகை என்றால் அவருக்குத்தான் வேலை அதிகம். அதனாலோ என்னவோ, பஸ் மேலேயே அவருக்கு ஒரு வெறுப்பு வந்துவிட்டது. கல்லூரிப் பையன் ஒருவனிடம் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினார். ஒரு வருடம் ஓய்வு நாள் காலையில் ஜெயங்கொண்டம் வரைக்கும் போய்வந்து காலைப் பழக்கினார். கன்னியாகுமரி வரைக்கும் மிதித்துக்கொண்டே போய், நிலம் முடிகிற இடத்தில் காலை ஊன்றி நிற்க வேண்டுமாம். அதில் நான் ஒரு குறையும் காணவில்லை. நல்ல ஆசைதான். தை மாதத்தில், பொங்கல் கூட்டம் ஓய்ந்ததும் கிளம்புவதாக முதலாளி சின்னதுரையிடம் சொல்லி வைத்திருந்தார்.

அங்கேதான் பிரேம்குமார் மூக்கை நுழைத்தான். செல்போன் கடை வைத்திருப்பவன். ஒரு நற்பணி மன்றத்தை ஆரம்பித்து அதற்குத் தானே தலைவராகவும் ஆகிவிட்டான். வார்டு தேர்தலில் நிற்க வேண்டும் என்று அவனுக்கு அரிப்பு.

"சும்மா போனா யாருண்ணே திரும்பிப் பாப்பா? விழிப்புணர்வுப் பயணம்னு போடுவோம். பிளாஸ்டிக் ஒழிப்பு" என்றான்.

பிளாஸ்டிக்கை ஒழிக்க பஸ் ஸ்டாண்டு வாசலில் வீட்டுக் கூரை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஃப்ளெக்ஸ் ஏறியது. அதில் பிரேம்குமார் பெரிதாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். மாமா மூலையில் சைக்கிளோடு சின்னதாக இருந்தார். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் ஃப்ளெக்ஸ் வைக்க முடியாது என்று பயணத்தைத் தையிலிருந்து கார்த்திகைக்கு இழுத்துவிட்டான்.

"கார்த்திகையில மழை புடிச்சுக்குமே தம்பி" என்று மாமா ஒரு தரம் சொன்னார்.

"மன்றத்து சார்பா ரெயின்கோட்டு தர்றோம்ணே."

தந்தான். அதன் முதுகிலும் அவன் மூஞ்சிதான்.

கிளம்புகிற அன்றைக்கே வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் கத்திக்கொண்டிருந்தார்கள். கொட்டு அடித்து, மாலை போட்டு, கொடியசைக்க வரவேண்டிய ஆள் வந்து சேருவதற்குள் பாதிப் பகல் போய்விட்டது. ஊர் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மழையில் அந்த ரோடு வெள்ளைக் கூழாகிவிடும். ஒவ்வொரு லாரியும் அதை வாரி அவர் மூஞ்சியில் அடித்துவிட்டுப் போனது. பல்லிடுக்கெல்லாம் நறநறவென்று சுண்ணாம்பு. பெரம்பலூரில் மன்றத்துக் கிளைக்காரர்கள் நிறுத்தி, நனைந்த ரெயின்கோட்டின் மேலேயே ஒரு பொன்னாடையைப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் ஒரு டீ வாங்கிக் கொடுக்கவில்லை.

திருச்சி ரோட்டில் லாரிக்குப் பயந்து மண் ஓரமாக இறங்கினார். அது கரிசல். சக்கரத்துக்கும் மட்காடுக்கும் நடுவில் களி அப்பிக்கொண்டு சைக்கிள் நகர மறுத்தது. குச்சியால் நோண்டி எடுப்பதும் தள்ளுவதுமாக எப்படியோ பாடாலூர் போய்ச் சேர்ந்தார். அங்கே பாலத்துக்கடியில் ஒதுங்கினார். ஒதுங்கிய இடத்தில் சொறிநாய்களும், யாரோ கொட்டிவிட்டுப் போன கோழிக் கழிவும், அதில் நெளிகிற புழுவும். அடுத்த நாளும் மழை விடவில்லை. அதற்கடுத்த நாளும் விடவில்லை. கால் விரல்கள் வெளுத்து, தோல் உரிந்து, சுரமும் வந்தது. திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தார்.

இதுவரைக்கும் அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. மழை பெய்தால் திரும்புவான் மனுஷன். ஆனால் நேராக வீட்டுக்குப் போகாமல் பிரேம்குமாருக்குப் போன் போட்டாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எங்கண்ணே இருக்கீங்க, மதுரையா?"

"பாடாலூரு."

"திருச்சியக்கூடத் தாண்டலையாண்ணே? சரி, ஊருக்குள்ள வந்துராதீங்க. வரவேற்பு ஃப்ளெக்ஸும் சேத்தே அடிச்சாச்சு. மண்டபத்துக்கும் சொல்லியாச்சு. அன்னிக்கு வரைக்கும் சொந்தக்காரங்க வூட்ல எங்கயாச்சும் இருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

முன்கூட்டியே அடித்துவிட்டான். கல்யாண சீசனில் ஃப்ளெக்ஸ் கடையில் இடம் கிடைக்காது என்று, போவதற்கு ஒன்றும் வருவதற்கு ஒன்றுமாக ஒரே நாளில் அடித்து வாங்கிவிட்டான். 'குமரி முனை வரை சென்று வென்று திரும்பிய எங்கள் அண்ணன்' என்று அதில் இருந்ததாம்.

அப்படித்தான் அவர் வெங்காயம் ஏற்றிய வண்டியில் சைக்கிளோடு ஏறி, வாலிகண்டபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். சட்டையில் அழுகல் வெங்காய வாடை. வாசலுக்குப் போகமாட்டார். யாராவது கூப்பிட்டால் உள்ளறைக்குள் ஓடிவிடுவார். தின்பதும் இருமுவதும் ஜன்னல் ஓரமாக நின்று எட்டிப் பார்ப்பதுமாக நாள் போனது. சாயங்காலமானால் அக்கா சிந்தாமணிக்குப் போன் போடுவார்.

"மதுரையத் தாண்டிட்டேன் சிந்தாமணி."

"அங்க மழை இல்லீங்களா?"

"இங்க சுத்தமா இல்ல."

என் வீட்டுத் தகரக் கொட்டகை மேல் மழை கொட்டுகிற சத்தத்துக்கு, அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார். அக்கா அங்கே அவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டிருந்தாள். இவர் இங்கே என் பெண்டாட்டியிடம் இரண்டாவது தோசை கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த அருவருப்பைச் சொல்லி மாளாது.

ஒருநாள் மன்றத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. மாமா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் கடல். சட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பிரேம்குமார் கடைப் பையன் ஒட்டு வேலை செய்திருக்கிறான். அவசரத்தில் பாதத்தை வெட்டிவிட்டதால் மாமா மணலில் புதைந்து நிற்கிறார். கீழே நூறு பேர் கைகூப்பி வாழ்த்தியிருந்தார்கள். மாமா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அந்தக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இப்பவாச்சும் போனைப் போட்டு உண்மையச் சொல்லிடுங்க. மழைன்னு சொன்னா யாரு குத்தம் சொல்லப் போறா?" என்றேன்.

"ஃப்ளெக்ஸ் அடிச்சுட்டாங்களே மாப்ள."

இவ்வளவு காலம் ஒரு நிமிடத்தை நீட்டாத, குறைக்காத ஆள், ஒரு பிளாஸ்டிக் துணிக்குப் பயந்து குந்தியிருக்கிறார்.

குறித்த நாளில் பிரேம்குமார் காரை அனுப்பினான். அரியலூருக்கு வெளியே இறக்கி, சைக்கிளைக் கழுவித் துடைத்து, மாமாவை அதன்மேல் ஏற்றி, மேளத்தோடு உள்ளே கூட்டிப் போனார்கள். மண்டபம் நிறையக் கூட்டம். பஸ் ஸ்டாண்டே வந்திருந்தது, டிரைவர், கண்டக்டர், பழக்கடைக்காரர் என்று. மாமா கழுத்தில் சால்வை மேல் சால்வையாக விழுந்தது. கடற்காற்றையும் எதிர்த்து அண்ணன் மிதித்த கதையைப் பிரேம்குமார் மைக்கில் அளந்தான். அக்கா முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா தன்னிடம் வந்த மைக்கை வாங்கி, "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா முகத்துக்காக நானும் தட்டித் தொலைத்தேன். அன்றைக்குப் பந்தியில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

தை பிறந்தது. மழை போன இடம் தெரியவில்லை. ரோட்டோரமெல்லாம் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். மாமாவுக்குக் கால் நிற்கவில்லை. முதலாளி சின்னதுரையிடம் போய் லீவு கேட்டிருக்கிறார்.

"எங்க போறீங்க?"

"கன்னியாகுமரிக்குங்க."

"இப்பத்தானே போயிட்டு வந்தீங்க?"

மாமா அப்போதுதான் முதன்முதலாக உண்மையைச் சொல்லியிருக்கிறார். "நான் பாடாலூரைத் தாண்டலைங்க."

சின்னதுரை தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம். "அது தெரியுமே. நம்ம திருச்சி வண்டி டிரைவர் போகும்போதும் வரும்போதும் உங்களைப் பாலத்துக்கடியில பாத்தான். வெங்காய வண்டியில ஏறுனதையும் பாத்துட்டுத்தான் வந்தான். பஸ் ஸ்டாண்டுல தெரியாத ஆளு யாரு?"

உண்மைதான். அந்த ரோட்டில் ஓடுகிற ஒவ்வொரு டிரைவருக்கும் முகம் தெரிந்த மனிதர், அதே ரோட்டில் போய் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்.

"அப்ப எதுக்குங்க எல்லாரும் கை தட்டுனீங்க?"

"மேடையில ஒருத்தரை நிக்க வச்சா தட்டத்தானே செய்யணும்? லீவு வேணும்னா எடுத்துக்குங்க."

லீவு கிடைத்துவிட்டது. மாமா கன்னியாகுமரிக்குப் போகவில்லை. அதே சைக்கிளில் வாலிகண்டபுரம் வந்து, சைக்கிளைச் சாய்த்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். ஜோதி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முதலாளி சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். செம்பைத் தொடவே இல்லை.

"ரெண்டு மாசமா நான் டைம் ஆயிடுச்சுன்னு சொன்னதும் டிரைவருங்கள்லாம் பையிலேருந்து போனை எடுத்துப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுக்குறானுங்க மாப்ள. ஏதோ மெசேஜ் வந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.