பிலோமினா அக்கா சொல்லி முடித்த படம்

கற்பிட்டியிலிருந்து உப்பு லொறியில் வந்தவர்தான் பிலோமினா அக்கா இறந்துவிட்டார் என்று சொன்னார். கூடவே, "அதுதான், பொம்மைப் படத்துக்கு அழுத மனிசி" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை அறிந்த கரையோரத்து ஆண்களே, உங்களில் பலரும் அவரை இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறீர்கள். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

ஊர் ஊராகப் போகும் கூடாரப் படக்காட்சி ஒன்றில் நான் இயந்திரம் ஓட்டினேன். அக்கா பெண்கள் பக்கம் நின்று இங்கிலீசுப் படங்களின் கதையைத் தமிழில் சொல்வார். அவருடைய புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அதைப்பற்றி அவர் யாரோடும் கதைத்ததில்லை.

உலக யுத்தம் முடிந்தபின் வந்த முதல் தலவில தேவாலயத் திருநாளுக்கு, கொழும்பிலிருந்து சித்திரங்களாகக் கீறின கார்ட்டூன் படம் ஒன்று வந்தது. கடலுக்கு இரை தேடப் போன தகப்பன் பறவை திரும்பவில்லை. தாயும் குஞ்சும் கூட்டில் அதற்கு இடம் விட்டு உறங்குகின்றன. முதலாளி அதைச் சின்னப் பிள்ளைகளின் படம் என்று ஒதுக்கினார். அக்காவோ பகலில் மூன்று முறை என்னை ஓட்டச் சொல்லிப் பார்த்தார்.

"அப்பா எப்ப வருவார் எண்டு குஞ்சு கேக்குது. தாய் பொய் சொல்லயில்ல, பாத்தியா தம்பி? கடலையும் கெட்டது எண்டு கீறயில்ல. விடிஞ்சதும் தாய் அதே கடலுக்குத்தான் போகுது. பெரிய ஆக்களின்ட படத்தில எங்க இப்பிடி இருக்கு?"

அவர் வற்புறுத்தியதால்தான் மாலைக் காட்சியில் அந்தப் படத்தைப் போட்டோம். ஆண்கள் பக்கம் விசிலும் கேலியும். பெண்கள் பக்கம் விம்மல். முன் வரிசையில் இருந்த சம்மாட்டி ஒருவர், பத்து வள்ளத்துக்குச் சொந்தக்காரர், எழுந்தார். "திருநாள் முடிஞ்சு தொழிலுக்கு இறங்கிற நேரம் பொம்பிளையள் அழுதா ஆகுமா? நிப்பாட்டு" என்றார். முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் நிறுத்தினேன்.

வெறும் வெள்ளைத் துணி மிஞ்சியது. அக்கா அதன்முன் வந்து நின்று மிச்சக் கதையை வாயால் சொன்னார். குஞ்சு முதன்முதலாகத் தாயோடு கடலுக்கு மேலே பறப்பதுவரை, ஒரு காட்சியும் விடாமல் சொன்னார். அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அழுதவர்கள் உங்கள் தாய்மாரும் அக்காமாரும். வீட்டில் அழ விடாதபடியால் அங்கே அழுதார்கள். சிரித்தவர்கள் நீங்கள். அப்படியொரு நல்ல படத்தைப் பொம்மை என்று சொல்லித் திருப்பி அனுப்ப வைத்தீர்கள். அதற்குப் பிறகு ஒருவர்கூட அதைப்பற்றி விசாரிக்கவில்லை. அக்காவையும் மறுநாளே வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

உங்களை ஏச எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். அக்கா உடுப்புப் பெட்டியோடு புறப்பட்டபோது, "படத்தை நிப்பாட்டச் சொல்லி முதலாளி சொன்னார் அக்கா, நான் என்ன செய்ய?" என்றேன்.

"ஓம், அவர் சொன்னார். கை உன்ட" என்றார் அக்கா.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த வார்த்தை ஒன்றுதான். மன்னிப்பை அவர் தரவில்லை. இனி நான் கேட்கவும் முடியாது.