கூப்பிட்ட குரலுக்கு

ஓய்வு பெற்ற முதல் வருடத்திலேயே நான் ஒரு நாய்க்குட்டியிடம் தோற்கவேண்டி வந்தது. முப்பது வருடம் வலிகாமத்துப் பள்ளிக்கூடங்களில் கணிதம் படிப்பித்தவள் நான். நான் வகுப்புக்குள் கால் வைத்தால் மின்விசிறிகூடச் சத்தம் போடாது என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்களாம். அப்படிப்பட்ட என்னை நாலு மாதக் குட்டி ஒன்று, ஒரு காதை நிமிர்த்தி மற்றக் காதை மடித்துக்கொண்டு, ஆறுதலாகப் பார்த்தது. பார்த்துவிட்டு எதிர்ப்பக்கமாக ஓடியது.

குட்டி மயிலிட்டியிலிருந்து வந்தது. அங்கே என் தங்கை வீட்டுக்குப் பின்னால், பழைய வலைக்குவியலுக்குள் ஒரு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. நாலு போய்விட்டன. மிஞ்சிய ஒன்றை, மீன் வாங்கிவரப் போன நான் மீன் பையோடு சேர்த்துக் கோப்பாய்க்குக் கொண்டு வந்துவிட்டேன். என் கணவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். அவருக்கு நாய் பிடிக்காமல் இல்லை. பிடித்ததுதான் பிரச்சினை.

முந்திய வருடம் எங்களிடம் ஒரு நாய் நின்றது. எங்கள் ஒழுங்கை போய் ஏறுவது பருத்தித்துறை வீதியில். ஒருநாள் படலை திறந்து கிடந்த நேரம் அது வெளியே ஓடியது. என் கணவர் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே போனார். அது திரும்பிப் பார்க்கவில்லை. மணல் ஏற்றி வந்த ரிப்பர் லொறியால் நிறுத்த முடியவில்லை. அவர்தான் சாக்கில் தூக்கி வந்து தேசிமரத்தடியில் புதைத்தார். அதற்குப் பிறகு பல நாள், கந்தோர் வேலை முடிந்து வந்ததும் கிணற்றடியில் நின்று கனநேரம் முகம் கழுவுவார்.

அதனால் புதுக் குட்டியைக் கண்டதும் அவர் சத்தம் போடவில்லை. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார்.

"தைப்பொங்கலுக்குள்ளை நீர் உதைக் கூப்பிட்டால் வாற நாயாய் ஆக்கிப்போடும். இல்லாட்டிச் சங்கிலிதான். இன்னொருக்கா என்னாலை றோட்டிலை குனிஞ்சு தூக்கேலாது."

சங்கிலி நாய்களை எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையிலேயே ஒன்று இருக்கிறது. மாமரம் மையம், ஆரை ஆறடி. புல் செத்து மண் தேய்ந்த ஒரு வட்டம். அதற்குள்தான் அதன் சீவியம் முழுவதும். இந்தக் குட்டிக்கு அந்த வட்டத்தை வரைய எனக்கு மனமில்லை. பொங்கலுக்கு இன்னும் ஐந்து மாதம் கிடந்தது. குறும்புக்காரப் பொடியன்கள் எத்தனை பேரை ஒரு தவணைக்குள் திருத்தியிருக்கிறேன், ஒரு நாய்க்குட்டி என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

முதல் வாரமே பாடத்தைத் தொடங்கினேன். வளவின் ஒரு மூலையில் நின்று "வா" என்பேன். குட்டி நிமிர்ந்து பார்க்கும். வாலை ஆட்டும். பிறகு நேரே படலைக்கு ஓடிப்போய், கம்பி இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். இன்னும் உரக்க "வா" என்பேன். படலையைப் பிறாண்டும். மூன்று மாதமும் இதே கூத்துத்தான். ஒருமுறை எப்படியோ ஒழுங்கைக்குள் நழுவிவிட்டது. நான் பின்னால் போய் "வா, வா" என்று கத்தக் கத்த அது இன்னும் வேகமாக வீதிப் பக்கம் ஓடியது. முன்வீட்டுக்காரி தன் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்றதால் குறுக்கே விழுந்து பிடித்துத் தந்தாள்.

"அடியாத மாடு படியாது ரீச்சர். உங்களுக்கு நான் சொல்லித்தர வேணுமே?" என்றாள் அவள்.

என் கணவர் குட்டிக்குப் பெயர் வைக்க விடவில்லை. பெயர் வைத்தால் மனம் ஒட்டிவிடும் என்று பயம். ஆனால் மரியாதையில் குறை வைக்கவில்லை. "உவர் இண்டைக்கு வந்தவரோ?" என்று கந்தோரால் வந்ததும் கேட்பார். "உவருக்குக் காது கேக்காது போலை" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாயில் வந்த கோபத்தை அவரிலும், அவரில் வந்த கோபத்தைக் குசினிப் பாத்திரங்களிலும் காட்டினேன்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு பின்னேரம் முன்வீட்டுக்காரி தேங்காய் துருவும் அலகு கேட்டு வந்தாள். விறாந்தையில் கதிரையைப் போட்டுக் கொடுத்தேன். அலகு கேட்க வந்தவள் ஊர்ப் புதினம் முழுவதையும் இறக்கினாள். ஒருபடியாக எழும்பி, "அப்ப நான் வாறன் ரீச்சர்" என்றாள்.

என் காலடியில் படுத்திருந்த குட்டி துள்ளி எழும்பிப் படலைக்கு ஓடியது.

எங்கள் ஊரில் ஒரேயொருமுறை "வாறன்" என்று சொல்லி ஆரும் போனதாகச் சரித்திரம் இல்லை. அவளுக்கு இன்னொரு கதை நினைவு வந்தது, திரும்ப இருந்தாள். குட்டி கொஞ்ச நேரம் படலையடியில் காத்திருந்துவிட்டுத் தொங்கிய வாலோடு வந்து படுத்தது. கால்மணி நேரத்துக்குப் பிறகு, "சரி ரீச்சர், வாறன்" என்றாள். குட்டி மறுபடி ஓடியது. மூன்றாவது தரம், விறாந்தைப் படியில் நின்றபடி. நாலாவது தரம், மல்லிகைப் பந்தலடியில். ஒவ்வொரு தரமும் குட்டி எழும்பி ஓடியது. நான் கதை கேட்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது "வாறன்" உண்மையானது. படலை திறந்தது. குட்டி அவள் காலுக்குள் புகுந்து வெளியே பாயப் பார்த்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் கணவர் காலையில் "வாறன்" என்று படலையைத் திறப்பார். மத்தியானம் சாப்பிட வந்து மறுபடி "வாறன்" என்று போவார். நான் சந்தைக்குப் போகும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் அதையேதான் சொல்கிறேன். இந்த வீட்டில் "வா" என்று தொடங்குகிற சத்தம் கேட்டால் ஆரோ வெளியே போகிறார்கள், படலை திறக்கப் போகிறது. நாய் அந்தச் சொல்லை எங்களைவிடச் சரியாகப் படித்திருந்தது. போகிறவர்கள் வருகிறேன் என்று சொல்லும் சனத்துக்கு நடுவில் வந்து பிறந்தது அதன் பிழையா? நான்தான் மூன்று மாதமாக அதைப் பார்த்துப் படலைக்கு ஓடு, ஓடு என்று கத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் சொன்னேன். "இஞ்சாருங்கோ, நாளையிலையிருந்து நீங்கள் வெளிக்கிடேக்கை 'போறன்' எண்டு சொல்லுங்கோ."

அவர் பிட்டைப் பிசைந்த கையை நிறுத்திவிட்டார். "உமக்கென்ன விசரே? ஒரு நாய்க்காக நான் வீட்டை விட்டுப் 'போறன்' எண்டு சொல்லிக்கொண்டு இறங்கிறதோ?"

"சும்மா ஒரு சொல்லுத்தானே."

"சும்மா சொல்லில்லை. உம்மடை அண்ணை என்ன சொல்லிப்போட்டு இறங்கினவர்? 'வாறன்' எண்டுதானே. அப்பிடிச் சொல்லியே..."

அவர் மறுபடி பிட்டைப் பிசைந்தார். அண்ணை பிறகு திரும்பி வரவேயில்லை. அவர் சொன்னது சரி. அந்தச் சொல் எங்கள் சனத்துக்குப் பலமுறை பொய்த்திருக்கிறது. பொய்த்தும் நாங்கள் அதை விடவில்லை. நாய்க்காகவும் விடமுடியாது.

ஆகவே நாயின் சொல்லைத்தான் மாற்றவேண்டியிருந்தது. "இஞ்சை வா" என்றாலும் அதற்குள் "வா" இருக்கிறது. இரண்டு நாள் யோசித்து "இந்தா" என்ற சொல்லைப் பிடித்தேன். ஆருக்கும் எதையாவது நீட்டும்போதுதான் இந்தா என்கிறோம். வெறுங்கையோடு அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன்: கையில் ஒன்றும் இல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. மயிலிட்டிக் குட்டிக்கு மீன் என்றால் உயிர். சூடை மீனைப் பொரித்து, சின்னத் துண்டுகளாக்கி, ஒரு பழைய பிஸ்கற் ரின்னில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தேன். என்னில் எந்நேரமும் மீன் மணந்தது. குளித்துவிட்டுப் போனாலும் கோயிலில் ஆட்கள் தள்ளி நின்றார்கள்.

முதல் நாளே அது வந்தது. "இந்தா" என்றதும் வந்து, மீனைத் தின்று, என் விரல்களையும் நக்கிவிட்டுப் போனது. குசினியிலிருந்து கூப்பிட்டேன், கிணற்றடியிலிருந்து கூப்பிட்டேன், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றும் கூப்பிட்டேன். மார்கழிப் பாதியில், கோழியைத் துரத்திக்கொண்டு போன வேகத்திலேயே நின்று திரும்பி வந்தது. அன்று நான் வளவுக்குள் தனியாகக் கைதட்டினேன். என் கணவரும் ஒருநாள், நான் பார்க்கவில்லை என்று நினைத்து, மெதுவாக "இந்தா" என்று கூப்பிட்டுத் தன் பாணில் பாதியைக் கொடுத்தார்.

பொங்கலுக்கு முதல் நாள் அவர் சைக்கிளில் கரும்பும் புதுப்பானையும் கட்டிக்கொண்டு வந்தார். பானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளைப் பிடித்த மற்றக் கையால் படலையைச் சாத்த முடியவில்லை. அந்த இடைவெளியில் குட்டி ஓடிவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் நான் அரிசி களைந்துகொண்டிருந்த ஈரக்கையோடு ஓடினேன். ஒழுங்கை வாயிலுக்கு நான் வர, அது பருத்தித்துறை வீதியின் நட்டநடுவே நின்று, எந்த மீன்பெட்டியிலிருந்தோ ஒழுகிய தண்ணீரை முகர்ந்துகொண்டிருந்தது. நீர்வேலிப் பக்கமிருந்து ஒரு மினிபஸ் வந்துகொண்டிருந்தது. வேகமாகத்தான் வந்தது.

நான் "இந்தா" என்றேன். கத்தவில்லை.

அது தலையை நிமிர்த்தியது. முகர்ந்ததை விட்டுவிட்டு, திரும்பி, நேரே என்னிடம் ஓடி வந்தது. அதன் வாலுக்குப் பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. குட்டி என் முன்னால் நின்று, வாயைத் திறந்துகொண்டு, என் கையைப் பார்த்தது.

நான் அடித்தேன்.

ஏன் என்று இன்றைக்கும் எனக்கு முழுதாகத் தெரியாது. பயந்துபோனேன். அந்தப் பயம் கைவழியே வெளியே வந்தது. வலக்கையால் அதன் முகத்தில், ஒருமுறை அல்ல, இரண்டு முறை அடித்தேன். ஈரக்கை, சத்தம் பெரிதாகக் கேட்டது. அது குளறிக் கத்தவுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிலத்தோடு பதிந்தது. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த என் கணவர் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கூப்பிட வந்ததுக்கே அடிச்சனீர்?" என்றார். எனக்கு அழுகை வந்தது. வீதியோரம் என்றும் பார்க்காமல் அழுதேன்.

பொங்கலன்று நான் கூப்பிட்டும் அது வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. தான் பொங்கிய புக்கை கொண்டுவந்த முன்வீட்டுக்காரி நடந்ததைக் கேட்டுவிட்டு, "அடிக்கிற கைதான் அணைக்கும் ரீச்சர், கவலைப்படாதேங்கோ" என்றாள். நானும் எத்தனை தாய்தகப்பனுக்கு அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பழமொழி நாய்க்குத் தெரியாது.

சங்கிலிப் பேச்சை என் கணவர் பிறகு எடுக்கவேயில்லை. "உவர் சோதினை பாஸ். ரீச்சர்தான் பெயில்" என்றார். மற்ற நாளென்றால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

நாலாம் நாள் அது வந்தது. மீனோடு கையை நீட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தேன். வந்து, என் கை எட்டாத தூரத்தில் நின்று, கழுத்தை மட்டும் நீட்டித் துண்டை எடுத்தது. அந்த நிற்பை நான் முன்பு கண்டிருக்கிறேன். "இஞ்சை வா" என்று கூப்பிட்டால் பிள்ளைகள் என் மேசைக்கு ஒரு முழம் தள்ளித்தான் நிற்பார்கள். "கிட்ட வா" என்பேன். வருவார்கள். பிரம்படிக்குக் கையை நீட்டிக்கொண்டே வருவார்கள். என்னை மதித்து வருகிறார்கள் என்றுதான் முப்பது வருடமும் நினைத்திருந்தேன்.

இப்போது அது வளர்ந்த நாய். எங்கிருந்து கூப்பிட்டாலும் வருகிறது, ஓடித்தான் வருகிறது. என் முன்னால் ஒரு முழத்தில் மட்டும் நின்று, என் வலக்கையைப் பார்த்துவிட்டுப் பிறகு கிட்ட வருகிறது. என் கணவர் இதை நம்புவதில்லை. அவரிடம் போகும்போது அது நிற்பதில்லை.