வாய் இடப்பக்கம் திறந்த நத்தை

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் படித்தவர்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. மேல்மாடியில் பழைய கல்லெழுத்துகளைப் படிக்கிறவர்கள். நடுமாடியில் சந்தைக்குப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, ஊரார் எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதுகிறவர்கள். கீழ்த்தளத்தில் செடி, மகரந்தம், மண்புழு, நத்தை. எல்லோரும் எழுதியது பிரெஞ்சு மொழியில். எழுதியதெல்லாம் செங்கல் நிற அட்டை போட்ட ஒரே வரிசைப் புத்தகங்களாக வெளிவந்தது. அந்த வரிசையில் முப்பத்தொரு வருஷம் வந்த ஒவ்வொரு புகைப்படமும், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒரே ஆளின் கை வழியாகத்தான் போனது. இதை மறுத்துப் பேச யாராலும் முடியாது.

அவர் அங்கே முதலில் சேர்ந்தது கூட்டிப் பெருக்கத்தான். இருட்டறையில் படம் கழுவும் தொட்டிகளைத் தேய்த்துக் கவிழ்ப்பதும் அவர் வேலை. ஒரு நாள் படம் கழுவுகிறவர் வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். அச்சுக்குப் போகவேண்டிய புத்தகம் நடுவழியில் நின்றது. இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இவர் முன்னால் போய் நின்றார்.

"நான் செய்றேங்க."

"உனக்கு யாரு கத்துக்குடுத்தா?"

"யாரும் கத்துக்குடுக்கல. தொட்டி கழுவுறப்போ பாத்துக்கிட்டே இருந்தேன்."

அன்று மத்தியானம் அவர் போட்டுக் கொடுத்த படத்தை இயக்குநர் ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து இருட்டறைச் சாவியை எடுத்து நீட்டினார். பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் அந்தக் கட்டடத்தில் வந்தார்கள், போனார்கள். அந்தச் சாவியை வாங்க ஒரே ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது இவருக்கு மட்டும்தான்.

அதிலிருந்து அவருக்கு 'இருட்டு' என்றே பேர் ஆகிவிட்டது. காவலாளி தினமும் வம்புக்கு இழுப்பார்.

"என்ன இருட்டு, வெளியில வெயில் எப்படி?"

"நீதான் சொல்லணும். ஒரு வருஷமா நான் அதைப் பாக்கலையே."

பிரெஞ்சு அவருக்கு ஒரு எழுத்து தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. கல்லெழுத்துக்காரருக்கு நிழல் வேண்டும், நிழல் இல்லாவிட்டால் வெட்டு தெரியாது. வீடு வீடாகப் போகிறவருக்கு முகம் வேண்டும். எல்லோரும் 'நத்தை டாக்டர்' என்று கூப்பிட்ட கீழ்த்தளத்து ஆராய்ச்சியாளருக்கு ஓட்டின் மேலிருக்கும் வரிகளை ஒவ்வொன்றாக எண்ண முடியவேண்டும். யாருக்கு என்ன வேண்டும் என்பது அவர்கள் வாய் திறக்கும் முன்பே இவருக்குத் தெரிந்திருக்கும். "என் கையில தப்பு வந்து நீங்க பாத்திருக்கீங்களா?" என்று யாரை வேண்டுமானாலும் நிறுத்தி வைத்துக் கேட்பார். பார்த்தவர் யாரும் இல்லை.

வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் தன் வீட்டைத் தானே கட்டினார். கொத்தனாரைக் கூப்பிட்டது கூரைக்கு மட்டும்தான். முன்னறைச் சுவரில் அவர் மாட்டியிருந்தது ஒரே ஒரு சட்டம். அதற்குள் சாமி படமும் இல்லை, கல்யாணப் படமும் இல்லை. அச்சடித்த ஒரு பக்கம் இருந்தது. நத்தை டாக்டர் எழுதிய கட்டுரையின் கடைசிப் பக்கம் அது. கட்டுரை வெளிவந்த அன்று டாக்டரே இருட்டறைக்கு வந்து, கதவைத் தட்டி, ஒரு வரியின் கீழே விரலை வைத்து, "இது உங்க பேரு. நன்றி சொல்லியிருக்கேன்" என்றார். அப்பா பேரின் முதலெழுத்தோடு முழுப்பேர். முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் பேர் அச்சில் ஏறியது அந்த ஒரு இடத்தில்தான். அந்த வரியில் அதற்குமேல் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. பேர் இருந்தது, போதும்.

நத்தை டாக்டர் இறந்துபோனார். இவரும் ஓய்வு பெற்றார். இருட்டறையில் இப்போது உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

ஓய்வு பெற்ற ஆறாம் வருஷம், ஒரு காலை வேளையில் நிலையத்திலிருந்து ஒரு இளம் பெண் அவர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். கீழ்த்தளத்தில் நத்தை ஆராய்ச்சிக்குப் புதிதாகச் சேர்ந்தவள். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைப்பதற்குள் பையிலிருந்து காகிதங்களை எடுத்துப் பரப்பிவிட்டாள்.

"ஐயா, டாக்டரோட கட்டுரையில வர்ற நத்தையைத் தேடிப் போறேன். எந்த ஓடைன்னு அதுல சரியா இல்ல. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்குமா?"

"ஞாபகமா? அந்த பிலிம் சுருள்ல பன்னெண்டு படம். நத்தை பத்து, ஓடை ஒண்ணு, டாக்டரோட செருப்பு ஒண்ணு. செருப்பு தெரியாம அமுக்கினது. கேளும்மா, என்ன வேணும்?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். நத்தை ஓட்டை முனை மேலே இருக்கும்படி நிறுத்தி, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், கிட்டத்தட்ட எல்லா நத்தைக்கும் வாய் வலப்பக்கம்தான் இருக்கும். டாக்டர் கண்டுபிடித்த நத்தைக்கு மட்டும் இடப்பக்கம். அவர் சேகரித்த ஓடுகள் வழியிலேயே பெட்டி விழுந்து பொடிப்பொடியாகிவிட்டன. மிஞ்சியது, எடுத்த பத்தில் அச்சேறிய ஒரு படம்தான். அதன் பிறகு இரண்டு பேர் போய்த் தேடினார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஓடை கெட்டுப்போய் அந்த இனமே அழிந்திருக்கும் என்று எழுதிவிட்டார்கள்.

"நான் நம்பல ஐயா. மூணு மழைக்காலம் அங்கேயே தங்கித் தேடுறதா எழுதிக் குடுத்துட்டேன். இதுதான் என் பட்டத்துக்கான வேலை. கிடைச்சா பெரிய விஷயம்."

"கிடைக்கும், கிடைக்கும். என் படத்தை வச்சுத்தானே தேடுற? இங்க வா." அவளைச் சட்டத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "படி. சத்தமா படி, அவளும் கேக்கட்டும்."

அவள் ஒரு முறை மனதுக்குள் படித்துவிட்டு, தமிழில் சொன்னாள். "'ஓடைக்கரையில் நான் இதைக் கவனிக்கவில்லை. எங்கள் நிலையத்தின் படக்கலைஞர்...' இங்க உங்க பேரு வருது... 'அவர் தயாரித்துத் தந்த படத்தில்தான் இதன் வாய் இடப்பக்கம் இருப்பதை முதன்முதலில் கண்டேன். நான் காணாததைக் காட்டிய கைகளுக்கு நன்றி.'"

"பாத்தியா!" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "காணாததைக் காட்டினேனாம்."

அந்தப் பெருமை, வந்த பெண் தெருமுனை தாண்டும் வரைக்கும்கூட நிற்கவில்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். ஓடையில் குனிந்து, பூதக்கண்ணாடி வைத்து, ஒரு நத்தையை அரைமணி நேரம் கையில் வைத்துப் பார்க்கிற மனுஷன் டாக்டர். அவர் கண்ணுக்குத் தப்பியது இவர் படத்தில் எப்படி வந்தது?

மறுநாள் நிலையத்துக்குப் போனார். நெகட்டிவ் அலமாரி எது என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. இவரே போய்த் திறந்தார். முதலில் எடுத்தது தன்னுடைய வேலை நோட்டை. எந்த நாளில் எந்தப் படம் போட்டார் என்று அவர் கையெழுத்திலேயே வரிசையாக இருந்தது. நத்தைப் படம் போட்ட வாரம் முழுக்க வரைபடங்கள். அச்சகத்தார் அந்தப் புத்தகத்துக்கு மட்டும் வரைபடங்களை இடம் வலம் மாற்றித் திருப்பிக் கேட்டிருந்தார்கள். அவர்கள் தகடு செய்யும் முறைக்கு அதுதான் தோதாம். பிலிமின் மங்கலான பக்கம் கீழே இருக்கும்படி வைப்பதுதான் வழக்கம். அந்த வாரம் மட்டும் எல்லாவற்றையும் மேலே வைத்தார். நாற்பத்திரண்டு வரைபடம். 'திருப்பி, திருப்பி, திருப்பி' என்று நோட்டு முழுக்க எழுதியிருந்தது. நாற்பத்துமூன்றாவது வரியில், 'நத்தை, ஒன்று'.

உறையிலிருந்து நெகட்டிவை எடுத்தார். மனசு முன்பே சொல்லிவிட்டது, இருந்தாலும் ஜன்னலுக்கு நேரே பிடித்தார். ஓரத்தில் இருந்த எண்கள் நேராகத் தெரியும்படி திருப்பினார். அளவுக்கு டாக்டர் பக்கத்தில் வைத்திருந்த தீக்குச்சி. அதையொட்டி நத்தை. அதன் வாய் வலப்பக்கம் திறந்திருந்தது.

தீக்குச்சிக்கு இடம் ஏது, வலம் ஏது. ஓர் அளவுகோலை வைத்திருந்தால் எண்கள் இடம் வலம் மாறி வந்து அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்கும். இத்தனை வருஷம் உலகத்தில் இல்லாத ஒரு நத்தையை இவர் கை பிறக்க வைத்திருந்தது. அது செத்துப்போய்விட்டது என்று படித்தவர்கள் துக்கப்பட்டும் முடித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அந்த நெகட்டிவுக்கும்."

"அப்ப விடுங்க. டாக்டரும் போயிட்டாரு. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"அந்தப் பொண்ணு மூணு மழைக்காலம் அலையப் போகுது."

"தேடுறது அவங்க வேலை. கிடைக்கலைன்னா வேற ஒண்ணைத் தேடுவாங்க." ஒரு சட்டையை உதறினாள். "ஏங்க, முப்பத்தொரு வருஷம் என் கையில தப்பே வராதுன்னு சொன்னீங்க. நானும் நம்பினேன். சம்பந்தி வீட்டுல சொன்னேன், தண்ணி பிடிக்கிற இடத்துல சொன்னேன். இப்ப நானே போய் மாத்திச் சொல்லணுமா?"

அவர் எழுந்தார். முன்னறைக்குப் போய்ச் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தார். படிக்கத் தெரியாத அந்த வரி இப்போது முழுக்கப் புரிந்தது. தன் வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த ஒரே மரியாதை, தான் செய்த ஒரே தப்புக்குக் கிடைத்திருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் இரண்டுமே அவரிடம் பத்திரமாக இருக்கும்.

மூன்று நாள் அப்படியே இருந்தார். நாலாம் நாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போனார்.

அவள் மேஜைக்குக் கீழே புது ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, விலை அட்டை கழற்றாமல் இருந்தது. ஓடை இருக்கும் ஊரில் அறைகூடப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. நெகட்டிவை அவளிடமே கொடுத்து வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். எண்கள் நேராகத் தெரியவேண்டும் என்று மட்டும் சொன்னார். அவள் பிடித்தாள், திருப்பினாள், மறுபடியும் பிடித்தாள். பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பார்த்தாள்.

"நான் திருப்பி வச்சுட்டேன்மா. வாரம் பூரா வரைபடம் திருப்பிப் போட்ட கை. அந்தப் பழக்கத்துல இதையும் வச்சிருச்சு."

"அப்ப என் மூணு வருஷம்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே ஐயா. ஏன் சொன்னீங்க?"

"நீ போய்த் தேடுவ. கிடைக்காது. முதல் வருஷம் மழை சரியில்லைன்னு நினைப்ப. மூணாவது வருஷம் உன் கண்ணு மேலயே உனக்குச் சந்தேகம் வரும். உன் கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு."

அவள் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாதவர், ஆனால் போகவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் ஆளைக் காணோம். பிறகு ஒரு நாள் வீட்டுக்கே வந்தாள். செங்கல் நிறப் புத்தக வரிசையில் ஒரு திருத்தக் குறிப்பு போடவேண்டும், அவர் சொல்லச் சொல்லத் தானே பிரெஞ்சில் எழுதுவதாகச் சொன்னாள். எழுதி, தமிழில் படித்தும் காட்டினாள்.

"'படம் தயாரிக்கும்போது அவசரத்தில் நேர்ந்த பிழை...'"

"அவசரம்னு யாரு சொன்னா? நான் என்னைக்கு அவசரப்பட்டிருக்கேன்? வரைபடம் போட்ட கை, பழக்கத்துல திருப்பிருச்சு. அப்படியே எழுது. அடுத்தவன் படிச்சா அவன் ஜாக்கிரதையா இருப்பான்."

அடித்து எழுதினாள். "டாக்டரோட பேரு கெட்டுருமேன்னுதான் யோசிக்கிறேன் ஐயா."

"அவரு கரையில பாத்தப்போ ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலைன்னு அவரே எழுதியிருக்காரு. அவரு பாத்தது சரி. நான் காட்டினது தப்பு. இதையும் போடு."

"சரி. உங்க பேரு வேண்டாம். 'நிலையத்தின் படப்பிரிவு'ன்னு போட்டுடலாம். அதுதான் வழக்கம்."

இவ்வளவு நேரம் தாழ்வாக இருந்த குரல் அப்போதுதான் உயர்ந்தது. "படப்பிரிவுல யாரு இருந்தா? நான் ஒருத்தன்தானே? நன்றிக்கு என் பேரு, தப்புக்கு ஊரான் பேரா? முழுப்பேரு போடு. எங்கப்பா எழுத்தோட போடு."

உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

குறிப்பு வெளிவர எட்டு மாதம் ஆனது. மொத்தமே பத்து வரிதான். உலகத்தில் இல்லாத நத்தை ஒன்று அன்றோடு பட்டியலிலிருந்து நீங்கியது. அந்தப் பெண் பட்டத்துக்கு வேறு விஷயம் எடுத்துக்கொண்டாள், வலப்பக்கம் வாய் திறந்த சாதாரண நத்தைகளைப் பற்றி. பூட்ஸ் வீண்போகவில்லை. குறிப்பு வந்த பக்கத்தை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பேர் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டப் போனாள். அவர் அதற்குள் கண்டுபிடித்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையின் உருவம்தான் அவருக்குப் பழக்கமாயிற்றே.

மனைவிதான் கடைக்குப் போய்ச் சட்டம் வாங்கி வந்தாள். முதல் சட்டத்துக்கு என்ன நிறமோ அதே நிறம், அதே அகலம். சுவரையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கங்க மாட்டுறது?"

"அது பக்கத்துலயேதான். தள்ளி மாட்டுனா ரெண்டும் வேற ஆளுன்னு நினைச்சுடப் போறாங்க."

அவர் எழுப்பிய சுவர் அது. எங்கே செங்கல், எங்கே பூச்சு, ஆணி எந்த இடத்தில் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். சுத்தியலை வாங்கினார். ஓங்குவதற்கு முன் ஒருமுறை நிதானித்து, இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பழக்கம் முன்னே அவரிடம் இருந்ததில்லை. பிறகு அடித்தார். ஒரே அடியில் இறங்கியது.